ஒலிப்பதிவில் இல்லாத பதில்

என் கழுத்தில் கட்டி இருப்பது ஸ்கேனில் உறுதியான அன்று நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தேக்கா கடைத்தெருவில் இறங்கி, இருபது பிளாஸ்டிக் உறைகள் கொண்ட நீலக் கோப்பு ஒன்றும் புது நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். அதன் பிறகுதான் அழுதேன், பேருந்தின் மேல் தளத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து. அழுது முடித்ததும் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் தேதி, நேரம், ஸ்கேன் எடுத்தவரின் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன்.

என் வேலையைச் சொன்னால் இது புரியும். கிராஞ்சிப் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். காலையில் லாரிகளில் வந்து இறங்கும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அன்றைக்கு எந்த வேலையில் என்ன ஆபத்து, இடுப்புப் பட்டையை எங்கே மாட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் உடைந்த வங்காளத்திலும் சொல்வேன். சொல்லி முடித்ததும் ஒரு தாள் கைகளில் சுற்றி வரும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் வாசிப்பதில்லை. அந்தத் தாள் எதற்கு என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு ஒருவர் விழுந்தால், ‘நாங்கள் சொன்னோம், அவர் கேட்டார், கையெழுத்தும் போட்டார்’ என்று காட்டுவதற்கு.

கட்டி தெரிந்த அதே வாரத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். செல்வராசு என்று ஒருவர், புதுக்கோட்டைக்காரர், சாரம் கட்டுகிறவர். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாமல், மேலே சாரத்தை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

“மேடம், கிழக்குப் பக்கத்துச் சாரம் இருக்குல்ல. மழை பேஞ்சு பலகையெல்லாம் வழுக்குது. நீங்களா இருந்தா ஏறுவீங்களா?”

“செக் பண்ணியாச்சு. பச்சை அட்டை மாட்டியிருக்கு. சைன் பண்ணுங்கண்ணா.”

“அட்டையப் பாத்தேன் மேடம். நீங்க ஏறுவீங்களான்னு கேட்டேன்.”

“பின்னால லைன் நிக்குது.”

அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

கட்டியை முதலில் பார்த்தது அம்மா. சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில், என் முதல் போனஸில் வாங்குவதாக இருந்த அட்டிகையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப்பெண் தண்ணீர் கொடுத்தார். விழுங்கினேன். அட்டிகையின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறி இறங்கியது. கண்ணாடியில் நான் கல்லைப் பார்த்தேன், அம்மா கழுத்தைப் பார்த்தார்.

“இன்னொரு வாய் குடி,” என்றார். குடித்தேன். அட்டிகையைக் கழற்றிக் கடைப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு, “அப்புறம் வர்றோம்மா,” என்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு பொது மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஸ்கேன், பிறகு ஊசிப் பரிசோதனை. தைராய்டு என்பது தொண்டைக்குழிக்கு மேலே மூச்சுக்குழாயை இரண்டு பக்கமும் அணைத்தபடி இருக்கும் சுரப்பி. என் இடது மடலில் சிறிய நெல்லிக்காய் அளவில் கட்டி. மெல்லிய ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் செல்களை உறிஞ்சிப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ‘நல்லது’ என்று முடிவு வரும், சிலருக்குப் ‘புற்று’ என்று வரும். எனக்கு இரண்டும் இல்லாமல் நடுவில் ஒன்று வந்தது: ‘நிச்சயிக்க முடியவில்லை.’ அந்த மடலை எடுத்து முழுதாக ஆராய்ந்தால்தான் தெரியும். எடுக்கும்போது, அதன் பின்னாலேயே ஓடும் குரல் நரம்பில் கை படலாம். பட்டால் குரல் போகலாம்.

ஒலிபெருக்கி பிடித்துச் சம்பாதிக்கிறவளுக்கு இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அறுவை மருத்துவரைப் பார்க்கும் நாள் வந்தபோது அப்பா லீவு போட்டுவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் சாயம் அடித்தவர், இப்போது ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கில் துப்புரவு மேற்பார்வை. தொடக்கப் பள்ளியைப் பாதியில் விட்டவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் வீட்டில் உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் தொழிற்கல்லூரிப் பட்டயம் வாங்கியதும் நான்தான் முதல். வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களையெல்லாம் பத்து வயதிலிருந்து நான் வாசித்துச் சொல்லிவருகிறேன்.

“அங்க எல்லாம் இங்லீஷ்லதான் பேசுவாங்கப்பா. நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?”

“சும்மா உக்காந்திருப்பேன்.”

“நான் ரெக்கார்ட் பண்ணிட்டு வந்து சொல்றேன்.”

அவர் சட்டையைத் திரும்ப மாட்டித் தொங்கவிட்டார்.

மருத்துவரை டாக்டர் தியோ என்று வைத்துக்கொள்வோம், அது அவர் பெயரில்லை. ஐம்பது கடந்தவர், சிரித்த முகம். நான் பத்திரமாகக் கொண்டுபோன கோப்பைப் பார்த்து, என்னைவிட ஒழுங்காக வைத்திருக்கிறாயே என்றார். ஒரு காகிதத்தை இழுத்துச் சுரப்பியை வரைந்தார். நரம்பை ஒரு நூலிழை போலக் கோடிட்டார். “நேராகச் சொல்லட்டுமா, என் எண்ணம் என்னவென்றால்…” என்று தொடங்கினார்.

அந்த இடத்தில்தான் நான் கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தேன்.

“பதிவு செய்யலாமா டாக்டர்? வீட்டில் சொல்ல வேண்டும்,” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் கைப்பேசியைப் பார்த்தார். பேனாவை மூடினார். செய்யலாம் என்றார், நீங்கள் பதிவு செய்கிறீர்கள் என்பதை நானும் குறித்துக்கொள்கிறேன் என்றார். கணினிப் பக்கம் திரும்பித் தட்டினார். பிறகு பேசியது வேறொரு ஆள். ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, குரல் நரம்பு, சுண்ணச் சத்துக் குறைவு, தழும்பு, மயக்க மருந்து ஒவ்வாமை, மிக அரிதாக மரணம். நமக்கு முன்னால் மூன்று வழிகள்: ஒரு மடலை எடுக்கலாம், முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டு வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிடலாம், ஒன்றும் செய்யாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனிக்கலாம்.

“நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?”

“மூன்றும் நியாயமான வழிகள்தான். முடிவு உங்களுடையது.”

நான் வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். அவர் அதே பதிலை வேறு மாதிரிச் சொன்னார். பிறகு, எதையும் தவறவிடாமல் இருப்பதற்காக என்று சொல்லி, இன்னொரு ஊசிப் பரிசோதனை, கழுத்துக்குச் சி.டி. ஸ்கேன், மூக்கு வழியாகக் குரல்நாண்களைப் பார்க்கும் பரிசோதனை, வேறொரு மருத்துவரின் கருத்து என்று நான்கு சந்திப்புகள் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தபோது நான் பெருமையாகவே உணர்ந்தேன். எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கத் தெரிந்தவளாக இருந்ததால்தான் என்று நினைத்தேன்.

வீட்டில் எல்லோரும் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். நான் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தேன். இருபது நிமிடம். முடிந்ததும் அப்பா கேட்டார்:

“சரி, என்ன செய்யச் சொல்றாரு?”

ஒலிப்பதிவைப் பின்னால் தள்ளித் தேடினேன். அதில் அது இல்லை.

அடுத்த ஏழு வாரங்கள் காத்திருப்பு அறைகளில் போயின. எண் அழைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே சம்பளமில்லாத விடுப்பில் உட்கார்ந்திருந்தேன். சிலதுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு உதவியது, சிலதுக்குக் கையிலிருந்துதான். இரண்டாவது ஊசியும் ‘நிச்சயிக்க முடியவில்லை’ என்றே வந்தது. சி.டி. ஸ்கேனில் கையில் ஒரு திரவம் ஏற்றுவார்கள், உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று பயம் வரும், கழித்திருக்க மாட்டோம். மூக்கில் குழாய் விடும் பரிசோதனை வலிக்காது, கண்ணீர் மட்டும் தானாக வழியும். என் குரல்நாண்களைத் திரையில் பார்த்தேன். இரண்டு வெள்ளைக் கீற்றுகள், நான் ‘ஈ’ என்றதும் சேர்ந்துகொண்டன. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. கருத்துச் சொல்ல வேண்டிய வேறொரு மருத்துவரும் அதே மூன்று வழிகளைத்தான் சொன்னார்.

சி.டி. ஸ்கேன்தான் எங்கள் வீட்டைக் கலைத்துப் போட்டது. கழுத்தைப் படம் பிடித்தபோது நுரையீரலின் மேல் நுனியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அதில் மிளகளவு ஒரு புள்ளி. அறிக்கையில், ‘பழைய தழும்பாக இருக்கலாம், வேறெதுவும் இல்லை என்று கூற இயலாது, தேவையெனில் தொடர் ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று இருந்தது. இந்த வாக்கியத்தை நான் நூறு முறை எழுதியிருக்கிறேன், வேறு சொற்களில். ‘ஆபத்து குறைவு, எனினும் முற்றிலும் இல்லை என்று கூற இயலாது.’ எழுதுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் கிடையாது. வாசிக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா ‘நுரையீரல்’ என்ற சொல்லைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குத் தினமும் போக ஆரம்பித்தார், செம்பவாங்கிலிருந்து இரண்டு ரயில் மாறி. அப்பா சிகரெட்டை நிறுத்தினார், யாரிடமும் சொல்லாமல். சட்டைப் பையில் பாக்கெட் இருந்த இடத்தில் புளிப்பு மிட்டாய் இருந்தது. நான் இருமினால் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்விடுவேன்.

ஒரு நாள் சந்திப்பு நேரத்தை மாற்றுவதற்காக மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அந்தப் பிரிவின் நோயாளிகளை ஒருங்கிணைக்கும் தாதி விமலா, தமிழ்ப் பெண். கோப்பில் உறைகள் தீர்ந்துபோய் நான் தாள்களைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்தார்.

“இவ்ளோ டெஸ்டாம்மா உங்களுக்கு?”

“கவனமாப் பாக்கறாங்க சிஸ்டர்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நீங்கதானே மேசையில போன் வச்சது?”

“கேட்டுத்தான் வச்சேன்.”

“தப்புன்னு சொல்லல லா. உங்க உரிமை அது. ஆனா அவருக்கு முன்ன ஒரு லாயர் லெட்டர் வந்துச்சு. ரொம்ப நாள் இழுத்துச்சு. கடைசியில அவர் மேல தப்பில்லன்னு வந்துச்சு. ஆனா மனுஷன் பேசுறதே மாறிப்போச்சு. முன்னெல்லாம், ‘ஆன்ட்டி, இது வேணாம், வீட்டுக்குப் போங்க’ன்னு சொல்லி அனுப்புவாரு. இப்ப யாரையும் அப்படி அனுப்புறதில்ல.” சுற்றிப் பார்த்துவிட்டு, “நான் சொன்னதா எங்கயும் சொல்லிடாதீங்க,” என்றார். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், சிஸ்டர்.

எனக்குக் கோபம் வந்தது. என் கழுத்தைப் பார்க்க வேண்டியவர் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அந்த நுரையீரல் புள்ளி, அம்மாவின் கோயில் நடை, அத்தனையும் யாருக்காக? ரயிலில் நின்றபடி அவரைப் பற்றி ஒரு புகார் மடலை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். அட்மிரல்ட்டி நிலையம் வருவதற்குள் மூன்று பத்தி முடிந்துவிட்டது. எனக்கு அறிக்கை எழுத வரும். அப்போதுதான், இப்படி எழுதத் தெரிந்தவர்களுக்குப் பயந்துதான் அவர் அப்படிப் பேசுகிறார் என்பது உறைத்தது. உறைத்ததால் கோபம் போய்விடவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

முடிவு சொல்ல வேண்டிய நாளில் அப்பா வந்தார். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட அதே சட்டை.

டாக்டர் தியோ எல்லா முடிவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். கைப்பேசி மேசையில் இருந்தது. நான் பதிவை அழுத்தவில்லை, ஆனால் பழக்கத்தில் வைத்துவிட்டேன். அவர் கண் இரண்டு முறை அதன் மேல் போய் வந்தது. மூன்று வழிகளும் மறுபடி வந்தன. மூன்றும் நியாயமானவைதான். முடிவு உங்களுடையது.

“அந்த போனை எடுத்து உள்ள வைம்மா,” என்றார் அப்பா தமிழில்.

“ரெக்கார்ட் ஆகலப்பா.”

“ஆகுதோ ஆகலையோ. உன்ன மாதிரி சேஃப்டிக்காரங்க நோட்டோட பக்கத்துல வந்து நின்னா, எங்க ஃபோர்மேன் வாயே திறக்க மாட்டான். எடுத்து வை.”

வைத்தேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, பட்டறையில் சீன ஃபோர்மேன்களோடு முப்பது வருடம் பேசிய அதே சந்தை மலாயில் கேட்டார்:

“டாக்டர். போத்தோங் கா, தா போத்தோங் கா?”

வெட்டணுமா, வேண்டாமா. அவ்வளவுதான்.

எனக்கு உடம்பு கூசியது. நான் ஏழு வாரமாக நல்ல ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி அது. டாக்டர் தியோ அப்பாவையே பார்த்தார். அவருடைய வயதுக்காரர்களுக்கு அந்த மலாய் தெரியும், ராணுவ முகாமிலோ சந்தையிலோ பழகியிருப்பார்கள். அவர் முகத்தில் முதல் நாள் பார்த்த சிரிப்பில் கொஞ்சம் திரும்பி வந்தது.

“போத்தோங்,” என்றார். பிறகு ஒரு விரலைக் காட்டி, “சாத்து பெலா சாஜா.” ஒரு பக்கம் மட்டும்.

“பாரு பாரு?” அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நுரையீரலைக் கேட்கிறார்.

டாக்டர் கையை வீசினார், ஒரு ஈயை விரட்டுவதுபோல. “தா அபா.” ஒன்றுமில்லை.

அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் கணினிப் பக்கம் திரும்பித் தட்டியதை நான் எட்டிப் பார்த்தேன். ‘மூன்று வழிகளும் விளக்கப்பட்டன. நோயாளி இடது மடல் நீக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்.’ அவர் சொன்ன அந்தச் சொல் எங்கும் இல்லை. என் நோட்டிலும் இல்லை. ஏதாவது தவறாகப் போனால் என்னிடம் காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. அந்த நினைப்போடுதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம். முழுதும் வாசித்தேன். ‘மரணம்’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

வெளியே லிஃப்டில் அப்பாவிடம் கேட்டேன். “நீங்க எப்படிப்பா அவரை நம்புறீங்க?”

“நம்புறேனான்னு தெரியலம்மா. ஆனா கேட்டதுக்கு ஒரு பதில் வந்துச்சில்ல. வா, பசிக்குது.”

அறுவை நடந்த நாள் காலையில், தள்ளுபடுக்கையில் காத்திருந்த என்னிடம் டாக்டர் தியோ வந்து, கழுத்தின் இடது பக்கத்தில் ஊதா நிறப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார். எந்தப் பக்கம் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக்காரர் கேட்டார், தாதி கேட்டார், அறைக்குள் போனதும் இன்னொருவர் கேட்டார். இதுவும் பயத்தில் பிறந்த வழக்கம்தான், ஆனால் இது எனக்குப் பிடித்தது. மூன்று பேருக்கும் ‘இடது’ என்றேன். என் பழைய குரலில் நான் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

கண் விழித்தபோது ஒரு தாதி குனிந்து, “ஈ சொல்லுங்க,” என்றார். சொன்னேன். காற்றுத்தான் வந்தது.

குழாய் வைத்ததால் இருக்கும், நாளைக்குச் சரியாகும் என்றார்கள். மறுநாள் சரியாகவில்லை. வார்டில் அம்மா கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். எதிர்ப் படுக்கையில் இருந்த மலாய்ப் பாட்டி, நான் பேச முயல்வதைப் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் சொல்லி ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கடையிலிருந்து வாங்கி வரச் செய்தார். நான் அதில் முதலில் எழுதியது ‘நன்றி’. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவரிடம் மட்டும் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் திசுவின் முடிவு வந்தது. புற்று இல்லை. எல்லோரும் அழுதோம், அப்பா உட்பட. அதற்கு அடுத்த நாள் என் அத்தை மகள் ரேவதி, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருப்பவள், ஃபோனில் சொன்னாள்:

“அப்ப வெட்டியே இருக்க வேணாம்தானே? குரலும் போச்சு. நீ சும்மா விடப் போறியா? மொதல் நாள் ரெக்கார்டிங் இருக்கில்ல?”

நான் பலகையைப் பார்த்தேன். ஃபோனில் பலகைக்கு என்ன பயன்? மூச்சுக் காற்றில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

வெட்டிப் பார்த்த பிறகுதான் வெட்டத் தேவையில்லை என்று தெரிந்தது. வெட்டாமல் தெரிந்துகொள்ள வழியில்லை. இது எனக்குப் புரிந்தது. ஆனாலும் அன்றைக்கு மடிக்கணினியைத் திறந்து, ரயிலில் மனதுக்குள் எழுதிய மடலைத் தட்டச்சு செய்தேன். தேதி, நேரம், சொன்ன சொற்கள். நோட்டில் எல்லாம் இருந்தன. நன்றாக வந்திருந்தது. அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை.

ஆறாவது வாரம் மறுபரிசோதனைக்குத் தனியாகப் போனேன். மூக்கில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரையில் வலது கீற்று ஓடி வந்தது, இடது கீற்று சோம்பலாக அரைவழி வந்து நின்றது. டாக்டர் தியோ திரையையே பார்த்தபடி பேசினார். நரம்பு அறுபடவில்லை. இழுபட்டதால் வீங்கியிருக்கலாம். பெரும்பாலும் சில மாதங்களில் மீளும். சிலருக்கு மீளாமலும் போகலாம். உறுதி கூற இயலாது. இது படிவத்தில் முன்பே குறிப்பிடப்பட்டிருந்தது. பேச்சுப் பயிற்சியாளருக்கு எழுதித் தருகிறேன். அவர் கைகள் விசைப்பலகையின் மேல் இருந்தன, தட்டவில்லை. காதின் ஓரம் சிவந்திருந்தது. கிழக்குப் பக்கத்துச் சாரத்தைச் செல்வராசு நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் இருந்ததை இந்த முகத்தில் பார்த்தேன். டாக்டருக்கும் பயம். என்னைப் பார்த்துப் பயம்.

கைப்பேசி மேசையில்தான் இருந்தது. அதை எடுத்தேன். அவர் பார்க்கும்படி அணைத்தேன். பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன். அப்பாவிடமிருந்து காதில் விழுந்து கற்ற மலாயில், வராத குரலில் கேட்டேன்:

“சுவாரா… பாலேக் தா?”

குரல் திரும்புமா.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அதற்குள் அவர் எதையெல்லாம் எடை போட்டார் என்று எனக்குத் தெரியாது.

“பாலேக்,” என்றார். “பெலான் பெலான்.” திரும்பும், மெதுமெதுவாக. பிறகு ஆங்கிலத்தில், தணிந்த குரலில், “நான் அந்த நரம்பைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. உன் குரலை நினைத்து நானும் சரியாகத் தூங்கவில்லை,” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் புகார் மடலை அழித்தேன். அவர் தவறே செய்யவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்ததால் அழிக்கவில்லை. அது எனக்கு இன்றும் தெரியாது. நோட்டு வைத்துக்கொள்ள வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வையுங்கள், கேளுங்கள். ஆனால் உங்கள் மருத்துவர் ‘என் எண்ணம் என்னவென்றால்’ என்று தொடங்கும்போது, முழுதும் சொல்லி முடிக்க விடுங்கள்.

நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். குரல் பாதி வந்திருந்தது, ஒலிபெருக்கியில் அது கரகரவென்று அறுந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வாங்க என்று கை காட்டினேன். ஆட்கள் நெருங்கி வந்து அரைவட்டமாக நின்றார்கள். முந்தின நாள் முழுதும் மழை. செல்வராசு முன்வரிசையில் நின்றார்.

“என்ன மேடம், தொண்டைக்கு என்ன ஆச்சு? எங்களத் திட்டித் திட்டிக் கெட்டுப்போச்சா?” பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது இருமலில் முடிந்தது.

தாளை எடுத்து அட்டையில் செருகினேன். யாரிடமும் நீட்டவில்லை. கிழக்குப் பக்கம் நடந்து போய், ஏணியில் ஏறி, முதல் தட்டுப் பலகையில் கால் வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. இறங்கி வந்தேன். பச்சை அட்டை மாட்டித்தான் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் தூரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செல்வராசண்ணா, அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க.”

“என்ன மேடம்?” அவருக்கு நினைவில்லை.

“நான் ஏற மாட்டேன். பலகை மாத்தற வரைக்கும் நீங்களும் ஏறாதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், தூரத்தில் சூப்பர்வைசரைப் பார்த்தார். “அவர் கேட்டா?”

சொன்னதையே தாளில் எழுதினேன். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களின் கட்டங்கள் எல்லாம் இன்னும் காலியாக இருந்தன.

“இதைக் காட்டுங்க,” என்றேன். அது எல்லோருக்கும் கேட்டது.